குஞ்சு விட்டால் ஆறு பிழைக்குமா?
பேராக் ஆற்றின் வலசை மீன்களும் அவற்றை நம்பியிருப்போரும்

கேள்வி

பேராக் ஆற்றங்கரைக் கம்பங்களில் அவ்வப்போது நடக்கும் அரசு நிகழ்ச்சிகளுள் மீன்குஞ்சு விடும் நிகழ்ச்சியும் ஒன்று. காற்றடைத்த பிளாஸ்டிக் பைகளில் வந்து இறங்கும் குஞ்சுகளைப் பிரமுகர்கள் ஆற்றில் கவிழ்ப்பார்கள். எத்தனை ஆயிரம் குஞ்சுகள் என்ற எண் செய்தியில் வரும். அவற்றில் எத்தனை பிழைத்தன, எத்தனை வளர்ந்து முட்டையிட ஆற்றில் மேலேறின என்ற எண்ணுக்கு அந்தச் செய்தியில் இடம் இருப்பதில்லை. இக்கட்டுரை அந்த இரண்டாவது எண்ணைப் பற்றியது.

ஓர் ஆற்றில் மீன் குறைந்தால் அதை விளக்க வழக்கமாக மூன்று வாதங்கள் முன்வைக்கப்படுகின்றன. மக்கள் அளவுக்கு மீறிப் பிடித்துவிட்டார்கள் என்பது ஒன்று. மீன்வளத் துறையினர் இதைப் பெரிதும் வலியுறுத்துவர். ஆறு அழுக்காகிவிட்டது என்பது இரண்டாவது. சுற்றுச்சூழல் அமைப்புகள் இதை முன்னிறுத்தும். அணை வந்தால் மீன் போகத்தான் செய்யும், அதற்கு ஈடாக ஏரி மீன் கிடைக்கிறதே என்பது மூன்றாவது. இது பொறியாளர் தரப்பு. மூன்றிலும் உண்மை உண்டு. ஆனால் மூன்றுமே மீனை எண்ணிக்கையாக மட்டும் பார்க்கின்றன. வலசை போகும் மீனுக்கு எண்ணிக்கையைவிட வழி முக்கியம். முட்டையிடும் இடம், குஞ்சு வளரும் இடம், பெரிய மீன் மேயும் இடம் மூன்றும் வெவ்வேறாக இருந்து, இடையில் ஆறு திறந்திருந்தால்தான் அந்த இனம் தொடரும். வழியை மூடிவிட்டுக் குஞ்சை விடுவது பாதுகாப்பாகுமா என்பதே இங்கு ஆராயப்படும் கேள்வி.

சால்மன் எதற்கு இங்கே?

மலேசிய ஆறுகளில் சால்மன் கிடையாது. ஈப்போவின் பேரங்காடிகளில் பனிக்கட்டி மேல் கிடக்கும் செந்நிறத் துண்டுகள் பெரும்பாலும் வெளிநாட்டுக் கடல்களில் கூண்டில் வளர்ந்தவை. ஆயினும் வலசை மீன், அணை, மீனவர் உரிமை ஆகிய மூன்றையும் சேர்த்துப் பேச முற்படும் எவரும் சால்மனைத் தவிர்க்க முடியாது. இந்த மீனைப் போல நீண்ட காலம் ஆராயப்பட்டதும், வழக்காடப்பட்டதும், பெருஞ்செலவில் தோற்றுப் பாடம் கற்பித்ததும் வேறொன்றில்லை.

வட அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றில் ஐரோப்பியக் குடியேற்றத்துக்கு முன் ஆண்டுக்கு 1 கோடி முதல் 1 கோடியே 60 லட்சம் வரையிலான சால்மன்கள் கடலிலிருந்து ஏறி வந்தன என்று அப்பகுதியின் மின்சக்தித் திட்டக் குழு மதிப்பிட்டது. 1938இல் எழுந்த பொன்னவில் அணையில் மீன் ஏறிச்செல்லப் படிக்கட்டு வாய்க்கால் கட்டினார்கள். 1942இல் முடிந்த கிராண்ட் கூலி அணை மிக உயரமானது. அதில் அப்படி எதுவும் இல்லை. அதற்கு மேலிருந்த பெரும் ஆற்றுப்பரப்பு சால்மனுக்கு ஒரேயடியாக மூடப்பட்டது. இழப்பை ஈடுசெய்யப் பொரிப்பகங்கள் பெருகின. இன்று அந்த ஆற்றில் ஏறிவரும் மீன்களில் பெரும்பகுதி பொரிப்பகத்தில் பிறந்தவை.

ஒரேகன் மாநிலத்தின் ஹூட் ஆற்றில் நடந்த மரபணு ஆய்வு ஒன்று 2007இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியானது. அது சால்மனின் நெருங்கிய உறவான ஸ்டீல்ஹெட் மீனைப் பற்றியது. பொரிப்பகத்தில் கழியும் ஒவ்வொரு தலைமுறைக்கும் அம்மீன் இயற்கை ஆற்றில் இனம்பெருக்கும் திறனில் ஏறத்தாழ 40 விழுக்காட்டை இழக்கிறது என்று அது காட்டியது. தொட்டியில் பிழைக்கத் தகுந்த மீன் ஆற்றில் பிழைக்கத் தகுதி இழக்கிறது. குஞ்சு விடும் கொள்கைக்கு எதிரான சான்றுகளில் இதையே வலுவானதாகக் கருதுகிறேன்.

சால்மன் வரலாற்றில் இன்னொரு பாதி உண்டு. நம் பக்கத்தில் அது அதிகம் பேசப்படுவதில்லை. 1850களில் வாஷிங்டன் பகுதிப் பூர்வகுடிகள் நிலத்தை விட்டுக்கொடுத்து எழுதிய உடன்படிக்கைகளில், வழக்கமான இடங்களில் மீன்பிடிக்கும் உரிமையைக் கையில் வைத்துக்கொண்டார்கள். நூறாண்டு கழித்தும் அது ஏட்டளவிலேயே இருந்தது. 1957இல் டாலஸ் அணையின் நீரில் செலைலோ அருவி மூழ்கியபோது, பல்லாயிரம் ஆண்டுகளாக மீன்பிடித்த களமே காணாமற்போனது. 1974இல் நீதிபதி போல்ட் அளித்த தீர்ப்பு நிலைமையை மாற்றியது: பிடிக்கத்தக்க மீனில் பாதி அக்குடிகளுக்கு உரியது என்றார் அவர். மீனில் சட்டப்பூர்வப் பங்கு கிடைத்ததும் ஆற்றைப் பற்றிக் கேள்வி கேட்கும் தகுதியும் கிடைத்தது. எல்வா ஆற்றின் இரு அணைகள் 2011க்கும் 2014க்கும் இடையில் அகற்றப்பட்டன. கிளாமத் ஆற்றில் நான்கு அணைகளின் அகற்றம் 2024இல் முடிந்தது; சில நாள்களிலேயே சால்மன் பழைய அணைத் தலத்தைக் கடந்து மேலேறியது. இந்த அகற்றங்களுக்குப் பழைய அணைகளின் பராமரிப்புச் செலவு, உரிமம் புதுப்பிக்க விதிக்கப்பட்ட நிபந்தனைகள் எனப் பிற காரணங்களும் உண்டு. ஆனாலும் பல்லாண்டு விடாமல் போராடியவர்கள் அந்த ஆறுகளின் மீன்குடிகளே.

கொள்ளிடத்தில் ஒரு முன்னோட்டம்

அணையும் பொரிப்பகமும் தமிழருக்குப் புதிய கதையல்ல. கடலிலிருந்து ஆற்றுக்கு ஏறி முட்டையிடும் ஹில்சா தமிழில் உல்லம் எனப்படும். காவிரியிலும் கொள்ளிடத்திலும் வெள்ளக் காலத்தில் அது ஏறி வந்தது. 1836இல் ஆர்தர் காட்டன் கட்டிய மேலணையும் கீழணையும் தஞ்சைப் பாசனத்தைக் காப்பாற்றின. உல்லத்தின் வழியைக் கீழணை மறித்தது. 1870களில் இந்திய நன்னீர் மீன்களைப் பற்றி அரசுக்கு அறிக்கை எழுதிய ஃபிரான்சிஸ் டே, அணைக்கட்டுகள் வலசை மீன்களைத் தடுப்பதைக் கடுமையாகவே சுட்டிக்காட்டினார். பிறகு அரசு தேடிய மருந்து என்ன? 1909 வாக்கில் சென்னை மாகாண மீன்வள வல்லுநர் வில்சன், கீழணையில் உல்லத்தின் முட்டையைச் செயற்கையாகக் கருவுறச் செய்து பொரிக்கவைத்தார். அறிவியல் நோக்கில் அது சாதனைதான். ஆற்றின் நோக்கில் எதுவும் மாறவில்லை. 1934இல் மேட்டூர் அணையும் வந்து காவிரியின் வெள்ளத்தையே கட்டுக்குள் கொண்டுவந்தது. இன்று உல்லத்துக்குப் பெயர்போன தென்னிந்திய ஆறு கோதாவரி. அங்கு அதற்குப் புலசா என்று பெயர். அங்கும் தவளேசுவரம் அணைக்குக் கீழேதான் அது பிடிபடுகிறது.

இதற்கு நேர்மாறான அனுபவம் வங்காளதேசத்தில் கிடைத்தது. ஹில்சா குஞ்சு வளரும் ஆற்றுப் பகுதிகளைச் சரணாலயமாக்கினார்கள். முட்டையிடும் பருவத்தில் பிடிக்கத் தடை விதித்தார்கள். தடைக்காலத்தில் மீனவக் குடும்பங்களுக்கு அரிசி கொடுத்தார்கள். 2002-03இல் ஏறத்தாழ 2 லட்சம் டன்னாக இருந்த ஹில்சா பிடிப்பு 2017-18இல் 5 லட்சம் டன்னைத் தாண்டியது. அரிசி போதவில்லை, எல்லோருக்கும் சேரவில்லை என்ற முறையீடுகள் உண்டு. ஆனால் அணுகுமுறையைக் கவனிக்க வேண்டும்: மீனின் இடத்தையும் பருவத்தையும் காத்தார்கள், அதற்காக வலையைச் சுருட்டிவைத்தவரைப் பட்டினி போடாதிருக்க முயன்றார்கள்.

பேராக் ஆற்றின் பயணிகள்

தாய்லாந்து எல்லையை ஒட்டிய மலைகளில் பிறந்து பாகான் டத்தோ அருகே மலாக்கா நீரிணையில் சேரும் பேராக் ஆறு சுமார் 400 கிலோமீட்டர் நீளமுடையது. தீபகற்பத்தில் பகாங் ஆற்றுக்கு அடுத்த நீண்ட ஆறு. அதன் வடிநிலம் ஏறத்தாழ 15,000 சதுர கிலோமீட்டர். பேராக் மாநிலப் பரப்பில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல். இதில் வலசை போகும் உயிர்கள் ஒரே வகையின அல்ல. கொள்கை வகுப்போர் பெரும்பாலும் சறுக்குவது இந்த வேறுபாட்டில்தான்.

முதல் வகை ஆற்றுக்குள்ளேயே நெடுந்தூரம் ஏறி இறங்குவது. கெலா இதில் புகழ்பெற்றது. தெளிந்த, ஓடும், கல்பரவிய நீர்தான் அதற்கு இடம். கரைமரங்களிலிருந்து உதிரும் கனிகள் அதன் உணவில் ஒரு பகுதி. ஆகவே கரைக்காடு அழிந்தால் ஆற்றில் நீர் இருந்தும் கெலாவுக்குச் சோறு இல்லை. தெமோலே இன்னும் பெரியது. ஆளுயரத்தை எட்டக்கூடிய, கிளிஞ்சல்களை நொறுக்கித் தின்னும் கெண்டையினம். மலேசியாவில் பேராக், பகாங் ஆறுகளே அதன் முக்கிய வாழிடங்கள். அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கை 1975இல் நடைமுறைக்கு வந்தபோதே அதன் முதல் பட்டியலில் தெமோலே இடம்பெற்றது. புலிக்கும் அதே பட்டியல்தான். புலிக்குக் கிடைத்த சுவரொட்டிகள் தெமோலேவுக்குக் கிடைக்கவில்லை.

சிறிய மீனான லோமா வெள்ளத்தோடு வாழ்வது. ஆறு கரைபுரளும்போது தாழ்நிலத்துக்குப் பரவும், வடியும்போது கூட்டமாகத் திரும்பும். லெங்கோங், கோலா கங்சார் வட்டாரத்தில் அந்தப் பருவத்து மீனை உப்பும் வறுத்த அரிசியும் புளிப்பும் சேர்த்துப் புளிக்கவைத்துப் பெகாசம் ஆக்குவார்கள். கெலாவை விற்பவர் சிலர். லோமாவால் உலை கொதித்த வீடுகளே அதிகம்.

இரண்டாம் வகை கடலோடு தொடர்புடையது. உடாங் காலா எனும் பேரிறால் நன்னீரில் வளர்ந்து, முட்டை சுமந்து கழிமுகம் நோக்கி இறங்கும். பொரிந்த இளம்பருவத்துக்கு உவர்நீர் தேவை. பிறகு குஞ்சு இறால் ஆற்றில் மேலேறும். சால்மனின் பயணத்தைத் தலைகீழாக்கியது போன்ற வாழ்க்கை. இந்த ரகசியத்தைக் கண்டறிந்தது பினாங்கின் குளுகோர் ஆய்வு நிலையத்தில்தான்: 1960களின் தொடக்கத்தில் உணவு வேளாண் நிறுவனத்தின் வல்லுநர் லிங் ஷாவ்-வென், உவர்ப்பு இல்லாமல் இளம் இறால் பிழைக்காது என்று நிறுவினார். 1965இல் மலேசிய இறால்களை ஹவாய்க்குக் கொண்டுசென்று தகுஜி ஃபுஜிமுரா பெருமளவில் பொரிக்கும் முறையை வகுத்தார். இன்று உலகெங்கும் நடக்கும் நன்னீர் இறால் வளர்ப்புக்கு அதுவே அடித்தளம். அந்த இறாலைத் தேடி ஈப்போவிலிருந்து தஞ்சோங் துவாலாங்குக்கு வார இறுதியில் வண்டி கட்டிப் போகிறவர்களில் நம்மவர்களும் உண்டு. சாப்பிட்டது குட்டையில் வளர்ந்ததா ஆற்றில் பிடித்ததா என்று கேட்பவர் குறைவு.

மீன் இனத்தில் சேராவிட்டாலும் ஆற்று ஆமையான துந்தோங்கை இங்கே விடமுடியாது. கழிமுகத்தில் மேய்ந்து, முட்டையிட ஆற்றின் மணல்திட்டுகளுக்கு ஏறிவரும் அது, போத்தா வட்டாரத்து மணலைத் தேர்ந்தது. ஒரு காலத்தில் அதன் முட்டை அரச குடும்பத்தின் உரிமைப்பொருள்.

எது முறிந்தது?

1930இல் முடிந்த செண்டெரோ அணை தீபகற்பத்தின் முதல் பெரிய நீர்மின் அணை. அது எழுந்தது கிந்தா பள்ளத்தாக்கின் ஈய லம்பங்களுக்கு மின்சாரம் கொடுக்க. அதற்கு மேலே தெமெங்கோர், பெர்சியா, கெனெரிங் அணைகள் 1970களிலிருந்து 1980களின் நடுப்பகுதிக்குள் வந்தன. 127 மீட்டர் உயரமுள்ள தெமெங்கோர் அணை 150 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஏரியை உண்டாக்கியது. நான்கு அணைகளும் ஒரே தண்டாற்றில் வரிசையாக நிற்கின்றன. கெலாவும் தெமோலேயும் ஏறி இறங்கிய நெடும்பாதை துண்டு துண்டாக நறுக்கப்பட்டது.

அணை மறிப்பதோடு நிற்பதில்லை. மின்தேவை உச்சமாகும் நேரத்தில் நீர் திறக்கப்படுகிறது. கீழ்நிலத்தில் ஒரே நாளில் மட்டம் ஏறி இறங்குகிறது. பருவ வெள்ளமோ தட்டையாகிறது. லோமா எதிர்பார்த்திருந்த அழைப்பு வருவதில்லை. துந்தோங் முட்டையிட்ட மணல்திட்டு வேளைகெட்ட நேரத்தில் மூழ்குகிறது. மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். 1926, 1967 ஆகிய ஆண்டுகளின் வெள்ளங்களைச் சந்தித்த பள்ளத்தாக்கு இது. வெள்ளம் தணிந்ததால் கீழ்நிலத்து மக்கள் அடைந்த நன்மையைச் சிறுமைப்படுத்த முடியாது. எவருக்கு வெள்ளம் அழிவு, எவருக்கு அதுவே விதை என்ற கணக்கை ஒருசேர எழுதியிருக்க வேண்டும். ஒருபக்கம் மட்டுமே எழுதப்பட்டது.

அணைதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்பதும் பிழை. செண்டெரோவுக்குக் கீழே ஆறு கடல்வரை தடையின்றி ஓடுகிறது. உடாங் காலா, துந்தோங் ஆகியவற்றின் முக்கிய வாழ்வு அந்தப் பகுதியில்தான். அங்கு காரணத்தை வேறிடத்தில் தேடவேண்டும். முதலில் ஈயம்: பலகைக் கால்வாய்களும் சரளைக்கல் எந்திரங்களும் தூர்வாரிக் கப்பல்களும் கழுவித் தள்ளிய மண், கிந்தா ஆற்றின் வழியாகப் பேராக் ஆற்றை நிரப்பியது. 1985இல் ஈய விலை சரிந்து லம்பங்கள் மூடப்பட்டபின் எஞ்சிய ஆயிரக்கணக்கான குட்டைகளில் இன்று திலாப்பியாவும் தென்னமெரிக்க மயில்பாஸும் ஆள்கின்றன. ஈயத்துக்குப் பின் மணல். கட்டுமானத்துக்காக ஆற்றுமணல் அள்ளுவது இன்றும் தொடர்கிறது.

அடுத்தது தோட்டம். இதை நாம் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனெனில் தமிழர் உழைப்பு இதில் கலந்திருக்கிறது. சுங்கை சிப்புட், சிம்மோர், தெலுக் இந்தான், ஊத்தான் மெலிந்தாங் எனப் பேராக்கின் ரப்பர் நிலங்களில் லயம் இருந்த இடத்துக்கு அருகே பெரும்பாலும் ஓர் ஓடை இருந்தது. பாலை உறையவைத்துத் தகடாக்கும் ஆலையின் அமிலக் கழிவு அந்த ஓடைக்கே போயிற்று. ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது நிலைமை மோசமானது. ஒரு லிட்டர் செம்பனை ஆலைக் கழிவு மக்கும்போது சுமார் 25,000 மில்லிகிராம் பிராணவாயுவை உறிஞ்சும். அது சேரும் ஓடையில் மீன் மூச்சுமுட்டிச் சாகும். 1974இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்தது. 1977இல் செம்பனை ஆலைகளுக்கும், 1978இல் ரப்பர் ஆலைகளுக்கும் தனி விதிமுறைகள் வந்தன. செம்பனைக் கழிவின் வரம்பு லிட்டருக்கு 5,000 மில்லிகிராமில் தொடங்கி, சில ஆண்டுகளில் படிப்படியாக 100க்கு இறக்கப்பட்டது. மலேசியாவின் சூழல் சட்டங்களில் வேலை செய்த சட்டம் என்று சுட்டக்கூடியவற்றுள் இது ஒன்று. ஆலைகள் கட்டுப்பட்டதற்குக் காரணம் எளிது: வரம்பு எண்ணாக இருந்தது, காலக்கெடு இருந்தது, மீறுவோர் கட்டணம் செலுத்தவேண்டி இருந்தது. அணைக்கும் மணலுக்கும் அத்தகைய எண் இல்லை.

குஞ்சு விடும் கொள்கையை நிறுத்துப் பார்த்தால்

இனி மையக் கேள்விக்கு வரலாம். குஞ்சு விடுவது முற்றிலும் பயனற்றது என்பாரோடு எனக்கு உடன்பாடில்லை. எங்கே, எந்த உயிருக்கு என்று பிரித்துப் பார்க்கவேண்டும்.

செண்டெரோவுக்குக் கீழே உடாங் காலா குஞ்சு விடுவதில் பொருள் உண்டு. அதற்குக் கழிமுகம் திறந்திருக்கிறது; வளர்ந்த இறால் இறங்கி முட்டையிட வழியுண்டு. அணைக்கு மேலே உள்ள ஏரியில் அதே குஞ்சை விட்டால் அது வளரும், பிடிபடும், ஆனால் பெருகாது. தாய்லாந்தின் பாக் மூன் அணை இதற்குச் சான்று. 1994இல் முடிந்த அந்த அணையில் மீன் ஏணி ஒன்றும் கட்டப்பட்டது. மேக்காங் படுகையின் மீன்களுக்கு அது பயன்படவில்லை. சால்மன் போன்ற துள்ளிப்பாயும் மீனுக்காக உருவான வடிவத்தை, துள்ளாத கெண்டை, கெளுத்தி இனங்களுக்குப் பொருத்தியதன் விளைவு அது. ஈடாக நீர்த்தேக்கத்தில் பேரிறால் குஞ்சு விட்டார்கள். உவர்நீர் எட்டாத அந்த நீரில் அது இனம்பெருக்க இயலாது என்று உலக அணைகள் ஆணையம் 2000இல் வெளியிட்ட ஆய்வு எடுத்துக்காட்டியது. அணைக்கு முன் மூன் ஆற்றில் பதிவான 265 மீனினங்களில், பின்னர் மேலாற்றில் காணப்பட்டவை 96 மட்டுமே என்றும் அதே ஆய்வு கூறியது. மீனவர் போராட்டத்தின் பின் 2001இல் மதகுகள் திறக்கப்பட்டபோது மீன்கள் திரும்பின.

துந்தோங் இன்னொரு சான்று. போத்தா கானானில் 1960களின் இறுதியிலிருந்தே வனவிலங்குத் துறை முட்டைகளைச் சேகரித்துப் பொரித்து, குட்டிகளை வளர்த்து ஆற்றில் விட்டுவருகிறது. ஆசியாவின் பழமையான ஆமைப் பாதுகாப்பு முயற்சிகளுள் ஒன்று இது; அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் அந்த இனம் உலக அளவில் மிகவும் அழியும் நிலையில் உள்ளவற்றின் பட்டியலிலேயே இருக்கிறது. பொரிப்பகத்தின் குறையென்று இதைக் கொள்ளலாகாது. குட்டி திரும்பிவந்து முட்டையிட மணல்திட்டு வேண்டும். மணலை அள்ள ஓர் அலுவலகம் அனுமதி கொடுக்க, ஆமையை விட இன்னோர் அலுவலகம் விழா எடுக்கிறது. அந்தப் பொரிப்பகம் இல்லாதிருந்தால் பேராக் ஆற்றில் துந்தோங் இதற்குள் இல்லாமலே போயிருக்கலாம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அவசரச் சிகிச்சைக்கு அதற்கு மதிப்புண்டு.

கெலா, தெமோலே ஆகியவற்றைச் செயற்கையாகப் பெருக்க ஜெலேபுவின் குளாமி லெமியில் உள்ள நன்னீர் மீன் ஆய்வு மையம் உழைத்துவருகிறது. அறிவு சேர்வது நன்று. எனினும் ஹூட் ஆற்றுப் பாடம் இங்கும் பொருந்தும். வெவ்வேறு ஆறுகளின் கெலா மரபுவழிகளைக் கலந்துவிடும் அபாயமும் உண்டு. இதைவிட நம்பிக்கை தருவது ரோயல் பெலுமின் சுங்கை ரூவோக். 2007இல் மாநிலப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட 117,500 ஹெக்டர் காட்டுக்குள் அந்தக் கிளையாறு கெலா சரணாலயமாகக் காக்கப்படுகிறது. ஏரியில் மேயும் கெலா முட்டையிட ஓடும் கிளையாற்றுக்குத்தான் போகவேண்டும். பேரணையை அகற்ற முடியாத இடத்தில், அதில் சேரும் கிளையாறுகளைத் திறந்த நிலையில் வைத்திருப்பது செய்யத்தக்க காரியம்.

தெமெங்கோர் ஏரியின் மற்றொரு முகம் கூண்டு வளர்ப்பு. அங்கு நார்வே நிறுவனம் ஒன்றின் பின்னணியில் திலாப்பியா பெருமளவில் வளர்க்கப்பட்டது. அந்தத் திலாப்பியாவின் வம்சம் 1988இல் பிலிப்பைன்ஸில் தொடங்கிய இனமேம்பாட்டுத் திட்டத்தைச் சேர்ந்தது. நார்வேயில் சால்மனைப் பெருக்க வகுத்த தெரிவு முறையே அதற்கும் அடிப்படை. இப்படியாக, சால்மனின் அனுபவத்திலிருந்து பேராக் ஏற்றுக்கொண்டது கூண்டுத் தொழில்நுட்பத்தை. ஆற்று உரிமை பற்றிய பாடம் வந்துசேரவில்லை.

யார் மீனவர்?

மலேசியாவில் மீனவர் என்றதும் கடற்கரை நினைவுக்கு வரும். பாங்கோர், கோலா செப்பெத்தாங் மீனவருக்கு உரிமமும் சங்கமும் உதவித்தொகையும் பற்றிய பேச்சாவது உண்டு. ஆற்றில் மீன்பிடிப்பவர் பெரும்பாலும் முழுநேர மீனவராகக் கணக்கில் வருவதில்லை. மேலாற்றில் ஜஹாய், தெமியார் பூர்வகுடிகள். நடுவில் லெங்கோங் முதல் போத்தா வரை மலாய்க் கம்பங்கள். கீழே இறால் பிடிப்போரும் வாங்கி விற்போரும். தோட்டத் தமிழர் எந்தக் கணக்கிலும் இல்லை. சம்பள நாளுக்கு முந்தைய வாரத்தில் குழம்புக்கு வழிசெய்தது ஓடையில் போட்ட தூண்டிலும் வீச்சு வலையும் என்பது தோட்டத்தில் வளர்ந்த மூத்த தலைமுறைக்குத் தெரியும். ஆனால் விற்காத மீன் புள்ளிவிவரமாவதில்லை. புள்ளிவிவரமாகாத மீனுக்கு இழப்பீடும் இல்லை. தோட்டம் துண்டாடப்பட்டு மக்கள் நகர்ப்புறத்துக்குப் போனபோது ஓடையோடு இருந்த அந்த உறவும் சுவடின்றி முடிந்தது.

பூர்வகுடிகளுக்கு நேர்ந்தது இதைவிடக் கொடியது. 1970களில் அணை நீராலும் கம்யூனிஸ்டு எதிர்ப்புப் பாதுகாப்பு நடவடிக்கையாலும் பெலும்-தெமெங்கோர் மக்கள் ஆயர் பானுன், கெமார் போன்ற மறுகுடியமர்வுத் திட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். ஆற்றைச் சார்ந்திருந்தவர்கள் தேக்கநீரின் ஓரத்தில் அமர்த்தப்பட்டார்கள். சட்டம் இவர்களை முற்றிலும் கைவிட்டுவிடவில்லை. ஜொகூரின் லிங்கியு அணைக்காகக் காட்டை இழந்த ஜக்கூன் மக்கள் தொடுத்த ஆடோங் பின் குவாவ் வழக்கில், 1997இல் உயர்நீதிமன்றம் 2 கோடியே 65 லட்சம் ரிங்கிட் இழப்பீடு விதித்தது. அந்தக் காட்டில் உணவு தேடும் உரிமைக்கு மதிப்புண்டு என்பதே அத்தீர்ப்பின் சாரம். போல்ட் தீர்ப்புக்கு இணையாக நம் நாட்டில் தேடினால் கிடைப்பது இதுதான். வேறுபாடும் பெரிது: அங்கு மீனில் பங்கு கிடைத்தது, இங்கு இழந்ததற்குப் பணம் கிடைத்தது. பணம் வாங்கியவருக்கு ஆற்றின் எதிர்காலத்தில் சொல்லுரிமை இல்லை. கிளந்தானில் தெமியார் வாழிடத்தில் எழும் நெங்கிரி அணை, அந்தப் பாடம் கற்கப்படவில்லை என்பதைக் காட்டுகிறது.

நிர்வாகக் குழப்பம் வேறு. கூட்டரசு அரசமைப்பின்படி கடல் மீன்பிடிப்பு மத்திய அரசின் பொறுப்பு. ஆற்று மீன்பிடிப்பு மாநிலத்தின் பொறுப்பு. ஆறும் மணலும் காடும் மாநிலத்தின் கையில். மின்சாரம் மத்தியின் கையில். 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம் நஞ்சு, வெடி, மின்சாரம் கொண்டு மீன்பிடிப்பதைத் தடைசெய்கிறது. துபா வேரை நசுக்கி ஓடையில் விட்டவரைப் பிடிக்கச் சட்டம் தயார். ஒரு பகற்பொழுதில் ஆற்றின் மட்டத்தையே ஏற்றி இறக்குவது மட்டும் மின்னுற்பத்தி எனப்படுகிறது. அதே சட்டம் உள்நாட்டு மீன்வளத்துக்கு விதி வகுக்கும் அதிகாரத்தை மாநிலத்துக்குத் தருகிறது. மீன் வாழிடத்தை மாற்றும் தடுப்புகள், மணல் அள்ளுதல் ஆகியவையும் அந்த அதிகாரத்தில் அடங்கும். ஆக, பேராக் அரசு கோலாலம்பூரைக் கைகாட்டித் தப்பிக்க இயலாது.

மாநிலம் முனைந்தால் என்ன செய்யலாம் என்பதற்குச் சபா எடுத்துக்காட்டு. அங்கு டகால் என்ற முறையில் கிராமமே தன் ஆற்றுத்துண்டைக் காக்கிறது. சில பகுதிகளில் பிடிப்பதே இல்லை, சிலவற்றில் முடிவுசெய்த நாளில் மட்டும் கூடிப் பிடித்துப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். 2003இல் சபா தன் உள்நாட்டு மீன்வளச் சட்டத்தின் மூலம் அதற்குச் சட்ட வலு கொடுத்தது. அந்த முறையை அப்படியே பெயர்த்து நட முடியாது. சபாவின் ஆற்றங்கரைச் சமூகம் ஒரே மரபில் பிணைந்தது, பேராக்கில் ஒரே ஆற்றில் நான்கு சமூகங்கள். ஆனால் காவலும் பயனும் ஒரே கையில் இருக்கவேண்டும் என்ற அடிப்படை எங்கும் செல்லும்.

கேட்கவேண்டியவை

பேராக் ஆற்று நீரைப் பினாங்குக்குக் கொண்டுசெல்வது பற்றிய பேச்சு பல ஆண்டுகளாக நடக்கிறது. உலு பேராக்கில் அரிய மண் தாதுக்களைக் கரைத்தெடுக்கும் முன்னோட்டத் திட்டமும் வந்துவிட்டது. ஆற்றின் மேல் புதிய உரிமைக்கோரிக்கைகள் எழும் இந்த நேரத்தில் பழைய உரிமைக்காரர்களின் கோரிக்கையும் மேசைக்கு வரவேண்டும். நான்கு அணைகளையும் இடிக்கச் சொல்வது வெற்று முழக்கம். நாட்டின் மின்சாரத்தில் அவற்றுக்குப் பங்குண்டு. ஆனால் வலசைப் பருவத்தில் சில வாரங்களுக்கு நீர் திறப்பை இயற்கை வெள்ளத்தை ஒட்டி அமைப்பது மின்நிலையத்தை மூடுவதாகாது. ரூவோக்கைப் போல இன்னும் சில கிளையாறுகளைச் சரணாலயமாக்கி, காவலை ஜஹாய், தெமியார் மக்களிடம் ஊதியத்தோடு ஒப்படைக்கலாம். போத்தாவிலும் அதற்குக் கீழும் முட்டையிடும் திட்டுகளில் மணல் எடுப்பதை அறவே நிறுத்தலாம். ஆற்று மீனவரைப் பகுதிநேரத்தார் உட்படப் பதிவு செய்யலாம். பதிவில் பெயரில்லாதவருக்குத் தடைக்கால உதவியும் இல்லை, வழக்காடும் நிலையும் இல்லை. செம்பனை ஆலைக் கழிவுக்கு 1977இல் எண்ணும் காலக்கெடுவும் வைக்க முடிந்த நாட்டுக்கு இவை எட்டாதவை அல்ல.

அடுத்தமுறை ஆற்றங்கரையில் குஞ்சு விடும் நிகழ்ச்சி நடக்கும்போது, அங்கு செல்லும் நம் சட்டமன்ற உறுப்பினரிடமும் பத்திரிகையாளரிடமும் வாசகர் ஒன்றைக் கேட்கலாம்: சென்ற ஆண்டு விட்டவற்றில் எத்தனை திரும்பி ஏறின? அந்த எண்ணை ஆண்டுதோறும் வெளியிட மாநில அரசு கட்டுப்படவேண்டும்.